நாலாம் வெள்ளி ஊசி

ஊரில் என்னை விசர் மிஸ்ஸி என்பார்கள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்று அழைப்பது வழக்கம். மனநோய்க்காரருக்கு ஊசி போடுகிற தாதி என்றால் விசர் மிஸ்ஸி. முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. சைக்கிள் ஒரு முடக்குத் திரும்பியதும் வேலிக்கு அப்பால் அந்தப் பெயர் கேட்கும். போகப்போகப் பழகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. பழகவில்லை.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மனநோய் விடுதிக்கு என்னை மாற்றினார்கள். அங்கே திரும்பத் திரும்ப ஒரே கதைதான் நடந்தது. கயிற்றால் கட்டிக் கொண்டுவருவார்கள். இரண்டு மாதத்தில் ஆள் தெளிந்து, தலை வாரி, விபூதி பூசி வீட்டுக்குப் போகும். சுகம் வந்துவிட்டதுதானே என்று மருந்துக் குளிசையை நிறுத்துவார்கள். ஆறு மாதத்தில் அதே கயிறு, அதே ஆள். விடுதிக்குப் பொறுப்பான டொக்டருக்கு ஒருநாள் அலுத்துவிட்டது. ஒரு மாதத்துக்கு வேலை செய்கிற ஊசி ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு வீடு வீடாகப் போனால் என்ன என்று கேட்டார். கலியாணமாகாதவள், சைக்கிள் ஓடத் தெரிந்தவள், பின்னேரத்தில் தேடுவதற்கு ஆளில்லாதவள் என்று பார்த்தால் நான்தான் மிஞ்சினேன். அண்ணன்மார் இருவரும் எண்பத்து நாலிலேயே வெளிநாடு போய்விட்டார்கள். அம்மா செத்து இரண்டு வருடம். உடுவிலில் ஒரு வீட்டின் பக்க அறையில் தனியாக இருந்தேன்.

மூன்று கிழமை வகுப்பு நடத்தினார்கள். அதில் டொக்டர் அழுத்திச் சொன்னது ஒரு விஷயம். ஊசி போட்டுவிட்டு வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது இரண்டு பேருக்கு வருத்தம் என்ன நோயென்று தெரிந்திருக்க வேண்டும். நித்திரை குறைவது, சாப்பாட்டை ஒதுக்குவது, தனக்குள் கதைப்பது, குளிக்க மறுப்பது, இவற்றைக் கண்டவுடன் ஆளனுப்ப அவர்களுக்குத் தெரியவேண்டும். நானும் கொப்பியில் வடிவாக எழுதி, கீழே கோடும் போட்டேன்.

வீடுகளில் என் கொப்பியை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு இருந்த கவலை என் சைக்கிளைப் பற்றியது.

“மிஸ்ஸி, குறை நினையாதேங்கோ. சைக்கிளை அந்தச் சந்தியிலை விட்டிட்டு நடந்து வாங்கோ.”

என் சைக்கிள் ஒரு வேலிப் படலையில் சாய்ந்து நின்றால் அந்த வீட்டில் யாருக்கோ விசர் என்று அர்த்தம். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே சந்தியில் விட்டேன், வாசிகசாலையில் விட்டேன், ஒருமுறை சுடலைக்குப் போகிற ஒழுங்கையில்கூட விட்டேன். மூத்திர ஒழுங்கையாலும் வாழைத்தோட்டத்தாலும் நடந்து பின்பக்கமாகப் போய் ஊசி போட்டேன். அதே ஆட்கள் கோயில் வீதியில் என்னைக் கண்டால், எங்கேயோ தூரத்தில் தேர் வருவது போல அங்கால் பார்ப்பார்கள். மாதாமாதம் பதினாறு வீட்டுக்குள் போய் வந்தேன். அந்தப் பதினாறில் ஒரு வீட்டிலிருந்தும் எனக்குக் கலியாணக் காட் வந்ததில்லை.

அந்தப் பதினாறில் ஒரு வீடு மட்டும் வேறாக இருந்தது. வெங்காயமும் புகையிலையும் வைக்கிற ஒரு விதவைத் தாயும் அவளுடைய ஒரே மகளும் இருந்த வீடு. மகளுக்கு இருபத்தைந்து வயதில் வருத்தம் தொடங்கியது. வேலிக்கு வெளியே நின்று தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று இரண்டு மாதம் குசினி மூலையில் சாப்பிடாமல் இருந்தாள். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஊசி அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. கை கொஞ்சம் நடுங்கியது, அதற்கு ஒரு குளிசை கொடுத்தோம். நாலைந்து மாதத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டிலும் சைக்கிளைச் சந்தியில்தான் விட்டேன். ஆனால் உள்ளே போனால் கதிரை தருவார்கள். “சாப்பிட்டியளோ மிஸ்ஸி?” என்று அந்தப் பிள்ளை கேட்கும். ஊசி போட ஐந்து நிமிடம். நான் இருந்தது ஒன்றரை மணித்தியாலம். என் சட்டைக்குக் கை கிழிந்திருப்பதைக் கண்டு, கழற்றித் தரச்சொல்லி, தன் சட்டையை எனக்குப் போடத் தந்து, தைத்துத் தந்தாள். நான் கதைப்பதற்கெல்லாம் சிரிப்பாள். நான் அப்படியொன்றும் பகிடிக்காரி இல்லை. மாதத்தில் அந்த ஒரு நாளுக்காக நான் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அப்போது யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாம் வருடம் தாய் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“மிஸ்ஸி, பிள்ளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் ஒண்டு வந்திருக்கு. கரவெட்டிப் பெடியன். சங்கக்கடையிலை வேலை. குணமான பிள்ளையாம்.”

“நல்லது. அவருக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“என்னத்தை?”

“வருத்தத்தை.”

தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. “சொன்னால் ஆர் மிஸ்ஸி கட்டுவினம்? நீங்களே சொல்லுங்கோ. கட்டினால் எல்லாம் சரியாப் போயிடும்.”

பைத்தியம் தீர்ந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதைப் பகிடிக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அதை வைத்தியமாகவே நடத்துகிறார்கள். நான் வாதாடினேன். கட்டினால் சரியாகாது, ஊசியால்தான் சரியாக இருக்கிறது என்றேன். பிள்ளை குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பார்வையில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த வயதில் எனக்கு வந்த பேச்சுக்கால் ஒன்று சாதகப் பொருத்தத்தில் நின்றுபோனது. பிறகு ஒன்றும் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நான் பிடிவாதமாக நின்றால் அந்த வீட்டின் பின்படலை எனக்குப் பூட்டப்படும். அதற்குப் பயந்தேன். பிள்ளைக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பாதிதான் உண்மை.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சீதன வீடு அது. ஆகவே கலியாணத்துக்குப் பிறகு நான் அங்கே கால் வைக்க முடியாது. அப்படியென்றால் ஊசியை எங்கே போடுவது? வழி கண்டுபிடித்தவள் நான்தான். தாயும் மகளும் வெள்ளி தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். வெளிவீதியில் ஒரு மடம் இருந்தது. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற பெண்கள் பதினொரு மணிக்குப் போய்விட்டால் அதன் பின்னறை வெறுமை. ஊசி இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை. அதாவது ஒவ்வொரு நாலாம் வெள்ளியும். கணக்குத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. கோயிலுக்குப் போகிற பெண்ணை எந்தப் புருஷன் கேள்வி கேட்பான்? எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வேலை இல்லாத பக்கமாகச் சைக்கிளை விட்டேன். மேளம் கேட்டது. வாழை கட்டிய படலையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு உழக்கினேன். அறைக்கு வந்து தேத்தண்ணி வைத்தேன். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலம், சுள்ளி பற்றவே அரை மணித்தியாலம் ஆனது. அந்தப் புகையில் நன்றாக அழுதேன். புகையில் அழுதால் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பிறகு நாலாம் வெள்ளிகள். அர்ச்சனைத் தட்டுடன் இருவரும் மடத்துக்கு வருவார்கள். தாய் வாசலில் நிற்பாள். பிள்ளை சேலையை ஒதுக்கித் திரும்பி நிற்பாள், நான் இடுப்புக்குக் கீழே ஊசியை ஏற்றுவேன். அம்மன் என்னை மன்னிப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். “அவர் எப்பிடி?” என்று கேட்டால், “நல்லவர் மிஸ்ஸி, வெத்திலைகூடப் போடமாட்டார்” என்பாள். மூன்று நிமிடம். அவ்வளவுதான் கதை. முன்பு ஒன்றரை மணித்தியாலம் இருந்த இடத்தில் இப்போது மூன்று நிமிடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் வடிவாகப் புதைத்துவிட்டோம்.

சைவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என்றாலும் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. இந்த உலகத்தில் வேறு எந்த நாட்டுத் தாதியும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டாள்.

முதல் அடையாளம் கலியாணமாகி ஆறாம் மாதம் வந்தது. நாலாம் வெள்ளி அன்று மடத்தில் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கோயில் வாசலில் பூக்கட்டுகிற பெண்களின் கதையில்தான் விளங்கியது: கரவெட்டியில் மாப்பிள்ளையின் பெரியப்பா செத்துப்போனார். செத்த வீட்டுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் இல்லை. மருமகளுக்கும் அந்தத் துடக்கு உண்டு. அடுத்த முறை ஊசி போடும்போது இருபத்தொரு நாள் பிந்தியிருந்தது. பிள்ளையைப் பார்த்தேன். கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது, வேறொன்றுமில்லை. பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் ஆறினேன். ஒன்றும் நடக்காமல் போனதுதான் பிறகு என்னை ஏமாற்றியது.

அவள் கர்ப்பமானதும் டொக்டரிடம் சொன்னேன். மருந்தின் அளவைக் குறைத்தார்.

“பிள்ளை பிறந்த கையோடைதான் கவனம் வேணும். உடனை நீர் வீட்டை போய்ப் பாரும். வீட்டிலை ஆருக்கெல்லாம் தெரியும்?”

“தாய்க்குத் தெரியும் டொக்டர்.”

“புருஷனுக்கு?”

“சொல்லுவம் டொக்டர்” என்றேன். அவர் அடுத்த நோயாளியின் காட்டை எடுத்தார். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற மனிதர், என்னை நம்பினார்.

குழந்தை ஒரு திங்கட்கிழமை பிறந்தது. ஊசி நாள் அதே கிழமை வெள்ளி. பிரசவம் பார்த்தவர்களுக்கும் அவளுடைய வருத்தம் தெரியாது. குழந்தையின் நிறை பார்க்க வீட்டுக்குப் போன மருத்துவிச்சிக்கும் தெரியாது. சந்தியில் என்னோடு நின்று கதைக்கிறவள்தான் அந்த மருத்துவிச்சி. ஒரு வார்த்தை அவளுக்கு நான் சொல்லவில்லை. வெள்ளி அன்று மடத்தில் நின்றேன். ஒருவரும் வரவில்லை. பிள்ளைப்பெற்ற வீட்டுத் துடக்கு, அதுவும் முப்பத்தொரு நாள்.

அன்றைக்கே நான் போயிருக்கலாம். சந்தியில் சைக்கிளை விட்டு இருநூறு மீற்றர் நடந்தால் வீடு. போகவில்லை. அங்கே கால் வைக்கமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று சொல்லிக்கொண்டேன். முன்னமும் பிந்திப் போட்டதுதானே, ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் மேலே பூசிய சுண்ணாம்பு. அடியில் இருந்தது ரோசம். குழந்தை பிறந்ததை நான் பூக்காரிகளின் வாயால் கேட்கவேண்டி வந்தது. தாய் யார் மூலமாவது ஒரு சொல் அனுப்பவில்லை. வேண்டுமென்றால் அவர்களே வரட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் வெள்ளியும் போனது. மூன்றாம் வெள்ளியும் போனது. துடக்குக் கழியும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் தாய் என் அறை வாசலில் நின்றாள். என் அறைக்கு அவள் வந்ததே இல்லை. காலில் செருப்பில்லை.

“மிஸ்ஸி, ஓடி வாங்கோ. பிள்ளை கிணத்தடியிலை.”

அன்றைக்குச் சைக்கிளைச் சந்தியில் விடவில்லை. படலைக்குள்ளேயே போட்டுவிட்டு ஓடினேன். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. கிணற்றுக் கட்டின்மேல் அவள் இருந்தாள், மடியில் குழந்தை. தலை அவிழ்ந்து, சட்டையெல்லாம் பால் நனைந்து, உதடு வெடித்திருந்தது. ஒரு முழத் தூரத்தில் ஒரு மெலிந்த மனிதர் கையை நீட்டியபடி, மூச்சு விடவும் பயந்து நின்றார். மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

“பால் நஞ்சாப் போச்சு. கழுவவேணும்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போய் அந்தக் கட்டின்மேல் இருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சட்டைக் கை தைத்ததைப் பற்றிக் கதைத்திருக்க வேண்டும். அவள் என்னைக் கனநேரம் பார்த்தாள். பிறகு சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

“மிஸ்ஸி, இண்டைக்கு நாலாம் வெள்ளியோ?”

“ஓம் பிள்ளை. இண்டைக்குத்தான்.”

குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, எழும்பித் திரும்பி நின்று, சேலையை இடுப்பில் ஒதுக்கினாள். ஊரின் முன்னால், புருஷனின் முன்னால். நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற வாடகைக் கார் ஒன்றில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து கிழமை விடுதியில் இருந்தாள். அதற்குள் கரவெட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விசரியின் கையில் இனிப் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று படலையில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாளாம். மருந்து மெல்ல மெல்லப் பிடித்தது. தெளிந்ததும் அவள் கேட்ட முதற் கேள்வி பிள்ளை எங்கே என்பது. தெளியாமலே இருந்திருந்தால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தேன். தாதி நினைக்கக் கூடாத நினைப்பு. வீட்டுக்குப் போன பிறகும் குழந்தையின் சீலைத் துண்டுகளைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டாளாம். அவளைப் பார்க்கப் போக எனக்கு முகமில்லை. ஊசியை டொக்டரே கிளினிக்கில் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மாப்பிள்ளை.

“விசர் மிஸ்ஸி வீடு எது எண்டு சந்தியிலை கேட்டு வந்தனான்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் என் பெயர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. நான் கதைக்கத் தொடங்கினேன். தாயின் பயத்தைச் சொன்னேன், ஊர் வாயைச் சொன்னேன், சொல்லியிருந்தால் நீங்கள் கட்டியிருப்பீர்களா என்று அவர் மேலேயே ஒரு கேள்வியையும் போட்டேன்.

“கட்டியிருக்கமாட்டன்” என்றார் உடனே. “நான் பெரிய மனிசன் மாதிரிக் கதைக்க வரேல்லை மிஸ்ஸி. தெரிஞ்சிருந்தால் அப்ப கட்டியிருக்கமாட்டன். ஆனால் கட்டியாச்சு. கட்டினாப் பிறகு நான் அந்த வீட்டிலைதானே இருந்தனான். ஒன்பது நாள் அவள் நித்திரை கொள்ளேல்லை. எனக்குத் தெரியும், அடுத்த அறையிலை நானும் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். பிள்ளைப் பெத்தவை உப்பிடித்தான் இருப்பினமாக்கும் எண்டு நினைச்சன். ஒருத்தர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்கே சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்திருப்பனே.”

நான் வீட்டுக்கு வெளியே இருந்து துடக்குக் கழியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லா அடையாளத்தையும் கண்ணால் கண்டுகொண்டு ஒரு மனிதர் உள்ளே இருந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று ஒருநாளும் பார்க்காமலே, இவருக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

“அம்மா பிள்ளையைத் தரமாட்டன் எண்டுறா. நான் சொல்லிக் கேக்கேல்லை. நீங்கள் வந்து சொல்லுங்கோ” என்றார்.

இரண்டு சைக்கிளிலும் வெளிக்கிட்டோம். வல்லை வெளியில் எதிர்க்காற்று. அவர் முன்னால் உழக்கினார், நான் பின்னால்.

கரவெட்டி வீட்டின் முற்றத்தில் அயல் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். பிள்ளையின் மாமியார் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, உடம்பில் வலுவுள்ள மனுஷி. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்க் கதைப்போம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, முற்றத்தில் நின்றபடியே நான் யாரென்று சொன்னேன்.

“நீரும் ஒரு பொம்பிளைதானே” என்றாள். “உம்மடை பிள்ளையெண்டால் உவளிட்டைக் குடுப்பீரோ?”

“எனக்குப் பிள்ளை இல்லை அம்மா. இருந்தால் குடுப்பன். அவ தன்ரை ஊசியை ஒருநாளும் வேண்டாம் எண்டு சொன்னவ இல்லை. நேரத்துக்கு ஊசி போடாதது நான். டொக்டர் எனக்கு வீட்டை போகச் சொன்னவர். நான் போகேல்லை. துடக்குக் கழியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். பிழை என்ரை. நீங்கள் டொக்டரிட்டை முறைப்பாடு சொன்னாலும் நான் மறுக்கமாட்டன்.”

அயல் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். வேலை போகலாம் என்று தெரியும். ஆனால் அதைச் சொல்லி முடித்தபோது, பல வருடங்களில் முதன்முதலாக ஒரு வீட்டின் முன்பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

மாமியார் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். குழந்தை அழுதது, தட்டினாள்.

“ஊசி போட்டால் உப்பிடி வராதோ?”

“வராது எண்டு சத்தியம் பண்ணமாட்டன். வந்தாலும் முந்தியே பிடிக்கலாம். பார்க்கத் தெரிஞ்ச ஆள் வீட்டிலை இருக்கவேணும்.”

“என்னத்தைப் பாக்கிறது?”

முற்றத்து மணலில் குந்தியிருந்து சொன்னேன். நித்திரை குறையும். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைப்பார்கள். ஆட்களோடு கதை குறையும், தனியே இருந்து யோசிப்பார்கள். உடுப்பில் கவனம் இல்லாமல் போகும். மெலிவார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினாள். மாப்பிள்ளை ஊசி நாள்களைச் சங்கக்கடைக் கொப்பி ஒன்றில் எழுதினார். மாமியார் எழும்பி உள்ளே போய்க் குழந்தையின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

“நானும் வாறன். மூண்டு மாசம் அவளோடை நிண்டு பாக்கிறன். தாயிட்டைத்தான் பிள்ளை இருக்கவேணும்.”

கார் பிடிக்க மகன் போனார். நான் எழும்பி மணலைத் தட்டினேன். அந்தப் பிள்ளையின் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கல்ல, மூன்று பேருக்கு எல்லாம் தெரியும். கிளினிக்குக்கு அவரே கூட்டிக்கொண்டு வருவார். நான் இனி அந்த ஒழுங்கைக்குள் போகவேண்டிய தேவை இல்லை. இதைத்தானே மூன்று கிழமை வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தார்கள், வேலை வெற்றி என்று சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷப்பட்டேன். மணல் போன பிறகும் சேலையைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

சைக்கிளை எடுக்கும்போது மாமியார் படலைவரை வந்தாள். என் கழுத்தெலும்பைப் பார்த்தாள், பிறகு சேலையின் கிழிந்த கரையைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்ததை உடனேயே நடத்திப் பார்க்கிற மனுஷி.

“பிள்ளை, நீர் ஒழுங்கா நித்திரை கொள்ளுறீரோ?”

நான் சிரித்துச் சமாளித்தேன்.

“உமக்கு வீட்டிலை ஆர் இருக்கினம்?”

“எல்லாரும் இருக்கினம் அம்மா” என்று சொல்லிவிட்டு ஏறி உழக்கினேன். அன்று அந்த வீட்டில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.